இரண்டு விரல் சாய்வு

திண்டுக்கல்
10.6.2024

பொருள்: புல்லட் வண்டியின் சைடு ஸ்டாண்டு – சரியான நீளம் தெரிவிக்கக் கோருதல்.

செபஸ்தியானுக்கு,

மலைச்சாமி எழுதுவது. எந்த மலைச்சாமி என்று நீ கேட்டாலும் கேட்பாய். விவசாய ஆபீஸ் மலைச்சாமி. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறானே, இறங்கி வந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு அளவு வேண்டும். அவ்வளவுதான்.

தூத்துக்குடி விலாசத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடை நூர் அகமது கொடுத்தான். உனக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, போன் போட்டால் “ஆங்? ஆங்?” என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய் என்றும் சொன்னான். முப்பது வருஷம் பட்டறையில் சைலன்சர் இல்லாத வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் வேறு என்ன ஆகும்? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சம்சாரம் சுந்தரம்மாள் தவறி, வருகிற ஆவணியோடு மூன்று வருஷம். அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடின வண்டியைப் போன மாதம்தான் எடுத்தேன். கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, பதினாறாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி! தெருவே எட்டிப் பார்த்தது. பின்னால் புது டயர் போட்டேன், அதில்தான் வந்தது வினை. அது கொஞ்சம் உயரம். ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சாய்கிற வண்டி, இப்போது படுக்க இடம் பார்க்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு நாலடி நடந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடு ஸ்டாண்டில் ஏற்ற என் முதுகு ஒத்துக்கொள்வதில்லை.

நூர் அகமது கடையில் கிடைக்கிற ஸ்டாண்டு எதுவும் இந்தப் பழைய சட்டத்தில் பொருந்தவில்லை. இருப்பதன் அடியில் ஒரு துண்டு இரும்பை வைத்து வெல்டு அடிக்கலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு அதை ஒட்டினபோது எவ்வளவு வெட்டினாய் என்பது வெட்டினவனுக்குத்தானே தெரியும்? அங்குலக் கணக்கில் எழுது.

சுந்தரம் வண்டியில் ஏறும்போதெல்லாம், “ஸ்டாண்டை எடுத்துராதீங்க, நான் ஏறிட்டுச் சொல்றேன்” என்பாள். நான் சீட்டில் காத்திருப்பேன். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிபண்ணி, என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். அப்புறம்தான் வண்டியை நிமிர்த்துவேன். அவ்வளவு பயந்த சுபாவம். அப்படிப்பட்டவளை ஏற்றிப்போகிற வண்டியைத்தான் நீ வெட்டி ஒட்டுப் போட்டாய். இருபத்திரண்டு வருஷம் என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் நீ!

பதில் எதிர்பார்க்கிறேன்.

ப. மலைச்சாமி
வேளாண்மை உதவி அலுவலர் (ஓய்வு)

---

தூத்துக்குடி
19.6.2024

மலைக்கு,

உன் ஆபீஸ் கடுதாசி கிடைத்தது. ரிட்டையர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகியும் ‘பொருள்’ போடாமல் உனக்கு எழுத வரவில்லை. ரப்பர் ஸ்டாம்பு ஒன்றுதான் குறை.

என் மகன் ஜெரோம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருப்பா, கவர்மென்ட் லெட்டரா?” என்று சைகையும் காட்டிக் கேட்டான். “இல்லலே, என்னைய பஜார் நடுவுல வச்சு ஒட்டு வேலைக்காரன்னு கூப்பிட்டானே ஒருத்தன், அவன் லெட்டர்” என்றேன்.

மறக்கவில்லை மலை. இரண்டாயிரத்து ஐந்து, வைகாசி மாதம், திங்கட்கிழமை காலை. முந்தின நாள் சின்னாளப்பட்டியில் உன் மச்சினன் வீட்டுப் பால்காய்ச்சு. மழை பெய்த ஈர மண்ணில் ஸ்டாண்டு புதைந்து வண்டி விழுந்தது. டேங்கு நசுங்கியது, லைட்டு உடைந்தது. வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவும்போது ஸ்டாண்டில் என் வெல்டுத் தழும்பு உன் கண்ணில் பட்டுவிட்டது. நேரே பஜாருக்கு, என் பட்டறைக்கு வந்தாய். ஏழு வண்டிக்காரர்கள் நிற்கிறார்கள். “ஒடிச்சுப்புட்டு ஒட்டுப் போட்டு மறைச்சிருக்கான் பாருங்கய்யா! ஒட்டு வேலைக்காரப் பய! இவன்ட்டயா வண்டிய விடுறீங்க?” என்று கத்தினாய். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வண்டி எடுக்க வருகிற ஒவ்வொருத்தனும் குனிந்து அடியில் பார்ப்பான், எங்கேயாவது வெல்டு இருக்கிறதா என்று. ஆறு வருஷம் அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறையை மூடிவிட்டு இங்கே வந்தேன்.

அளவு சொல்ல முடியாது. மறந்துபோச்சு என்று வைத்துக்கொள். ஆனால் ஒன்று, அந்த ஸ்டாண்டைத் தொடாதே. டயர்தானே உயரம்? பழைய அளவிலேயே டயரை வாங்கிப் போடு. அது பழையபடி சாய்ந்து நிற்கட்டும். துண்டு கிண்டு வைக்கிற வேலை வேண்டாம்.

சுந்தரம்மா இறந்ததற்கு வந்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுடுகாட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். உன் கண்ணில் படாமல் கிளம்பிவிட்டேன்.

செபஸ்தியான்

---

திண்டுக்கல்
2.7.2024

பொருள்: மேற்படி ஸ்டாண்டு நிமிர்த்தப்பட்டது – தகவலுக்காக.

செபஸ்தியானுக்கு,

தொடாதே என்று சொல்ல நீ யார்? தொட்டுவிட்டேன். பழனி ரோட்டில் ஒரு வெல்டிங் கடையில் குத்துமதிப்பாக அளந்து, அடியில் துண்டு வைத்து ஒட்டியாகிவிட்டது. வண்டி இப்போது கொடியேற்றத்துக்கு நிற்கிற போலீஸ்காரர் மாதிரி நிற்கிறது.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. காலையில் காபியோடு வாசலுக்கு வந்தால் யாரோ விருந்தாளி வண்டியை நிறுத்திவிட்டுப் போனது போல இருக்கிறது.

நீ சுடுகாடு வரைக்கும் வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு சில விஷயங்களை எழுதத் தோன்றுகிறது.

நம் சண்டைக்குப் பிறகு அந்த வண்டியில் வேறு மெக்கானிக் கை படவிடவில்லை. எல்லாம் நானேதான். சாய்வுக்கு ஒரு யோசனை பண்ணினேன். வேப்பங்கட்டையைச் செதுக்கி ஸ்டாண்டுக்கு அடியில் வைப்பேன், வண்டி நேராக நிற்கும். கட்டையில் பென்சிலால் ‘எண் 1’ என்று எழுதியும் வைத்தேன். பத்தே நாளில் காணோம். எண் 2 செதுக்கினேன். அதையும் காணோம். இப்படி ஒன்பது கட்டை! சுந்தரத்தைக் கேட்டால், “நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்பாள். “வேப்பங்கட்டைய வச்சு நாய் என்னடி பண்ணும்?” என்றால், “ஏன், அதுக்கும் பல்லு விளக்கணும்ல?” என்பாள். ஒன்பதாவதோடு நான் கைவிட்டுவிட்டேன்.

நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை வரைக்கும் போய்வந்தேன். முப்பது வருஷம் விதைக்கடலையும் மருந்தும் கட்டிக்கொண்டு அலைந்த ரோடு. ஒருதரம் அவளையும் கூட்டிப்போயிருந்தேன். கடலை போட்டிருந்த ஒரு சம்சாரி காட்டில் பச்சைக்கடலை பிடுங்கி அவித்துக் கொடுத்தார்கள். மடி நிறைய வாங்கிக்கொண்டு, தோலை உரித்து உரித்து என் வாய்க்குப் பின்னாலிருந்தே நீட்டிக்கொண்டு வந்தாள், வேடசந்தூர் பிரிவு வரைக்கும். தேய்பிறை அஷ்டமி தவறாமல் தாடிக்கொம்பு கோயிலுக்கும் அந்த வண்டியில்தான் போவோம். நேற்று அவ்வளவு தூரமும் முதுகு வெறுமையாக இருந்தது.

இன்னொன்று. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, “செபஸ்தியான் அண்ணன்ட்ட ஒரு வார்த்தை பேசுங்க. அவரு சொல்லுவாரு” என்றாள். “அவன் என்னத்தச் சொல்லுவான்?” என்றேன். “நீங்க பேசுங்க, சொல்லுவாரு” என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீம்பு, நான் பேசவில்லை. ஸ்டாண்டு அளவு கேட்டு எழுதியது பாதிச் சாக்குதான்.

அவள் என்ன சொல்லச் சொன்னாள் செபஸ்தி?

மலைச்சாமி

---

தூத்துக்குடி
9.7.2024

மலைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் காபி வைத்துவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. ஏடு கட்டின பிறகுதான் பார்த்தேன்.

அட மடப்பயலே, மூன்று வருஷமாகவா இதை வைத்துக்கொண்டிருந்தாய்? ‘அவரு சொல்லுவாரு’ என்றால் என்ன அர்த்தம்? சொல்லலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தோணியார் மேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தவள் அவள்தான்.

தொண்ணூற்று எட்டு, ஐப்பசி. வண்டி சர்வீசுக்கு என்னிடம் நின்றது, நீ ஆபீஸ் ஜீப்பில் கேம்ப் போயிருந்தாய். சுந்தரம்மா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நொண்டி நொண்டி வந்தாள். அதற்கு முந்தின கோடையில் தண்ணீர்ப் பஞ்சம், லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு வரும்போது படியில் வழுக்கினாளே, உன்னிடம் சுளுக்கு என்று சொன்னாள். சுளுக்கு இல்லை மலை. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. உன் எதிரில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பாள்.

“எம்பி உக்கார முடியலண்ணே. வண்டி உசரமா இருக்கு. நான் பயப்படுறேன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு” என்றாள்.

“அவன்ட்டச் சொல்லும்மா” என்றேன்.

“சொன்னா மறுநாளே வண்டிய வித்துப்புட்டு ஸ்கூட்டர் வாங்கிருவாரு. அப்பறம் ஆயுசு முழுக்க ரோட்டுல புல்லட் சத்தம் கேக்குறப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. அந்தப் பாவம் எனக்கு வேணாம்ணே. நீங்க வண்டிய எம் பக்கமாக் கொஞ்சம் சாச்சுக் குடுங்க, போதும்.”

அவளை வண்டி பக்கத்தில் நிற்கவைத்து அளந்தேன். ஸ்டாண்டில் இரண்டு விரல் அளவு வெட்டினால் சீட்டு அவளுக்குத் தோதாக இறங்கியது. வெட்டி எடுத்துவிட்டு, பாதத்தைத் திரும்ப வெல்டு வைத்து, அரம் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். ஏழு வருஷம் உன் கண்ணுக்கே தெரியவில்லையே. ஒட்டு வேலைக்காரனாம்!

“சாயும்மா. ஒருநாள் விழுந்தாலும் விழும்” என்று சொன்னேன். “வண்டி விழுந்தாத் தூக்கி வச்சுக்கலாம்ணே. நான் விழுந்தாத்தான் அவரால தூக்க முடியாது” என்று சிரித்தாள்.

ஸ்டாண்டோடு வண்டி நின்றால்தான் அவளால் ஏற முடியும். அதற்குத்தான் ‘ஏறிட்டுச் சொல்றேன்’. நீ கட்டை வைத்தால் வண்டி நிமிர்ந்துவிடும், அவள் ஏற முடியாது. கட்டை எங்கே போனது என்று இனிமேல் நாயைக் கேட்காதே.

செபஸ்தியான்

---

திண்டுக்கல்
15.7.2024

செபஸ்தியானுக்கு,

பொருள் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை.

ஆமாம், விற்றிருப்பேன். மறுநாளே விற்றிருப்பேன். அதில் என்ன குறைந்துபோயிருக்கும்? இரும்புதானே? இருபத்து மூன்று வருஷம் அந்தக் காலோடு என் பின்னால் ஏறி இறங்கியிருக்கிறாள். நான் அவளை நாலு பேர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணியிருக்கிறேன். சின்னாளப்பட்டியில் அவள் தம்பி வீட்டு வாசலில் வைத்து, அத்தனை சொந்தக்காரர்களும் சிரிக்கச் சிரிக்க, அவள் ஏறுகிற மாதிரி நடித்துக் காட்டியிருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். நேற்று முழுக்க அதுதான் கண்ணுக்குள் நின்றது. சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நூர் அகமதுவுக்கும் தெரியுமோ என்னவோ. கட்டின புருஷனுக்கு மட்டும் தெரியாது.

அவள் சொல்லவில்லை, சரி. நீ? பஜாரில் நான் கத்தியபோது, “உன் பொண்டாட்டி கேட்டாடா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னைப் பாவியாக்கிவிட்டு நீ தியாகி ஆகிவிட்டாய். நீ ஏச்சு வாங்கினது தெரிந்தும் அவள் சும்மா இருந்தாளா? அவள் அப்படிப்பட்டவள் இல்லையே!

பதில் எழுது. எழுதாவிட்டாலும் போ.

மலைச்சாமி

---

தூத்துக்குடி
24.7.2024

மலைக்கு,

தியாகியாம்! அப்படியானால் பென்ஷனுக்கு எழுதிப் போடு, வாங்கிக்கொள்கிறேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. நீ கத்திவிட்டுப் போன அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து பட்டறைக்கு ஓடிவந்து அழுதாள். “இன்னைக்கே சொல்லிர்றேண்ணே” என்றாள். நான்தான் தடுத்தேன். “ரெண்டு நாள் பொறும்மா. நசுங்குன டேங்க அவன் வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டான். வந்துதான் ஆகணும். வரட்டும், அப்ப நானே சொல்றேன்” என்றேன்.

நீ வேறு எவனிடமும் கொடுக்கவில்லை. என்னிடமும் வரவில்லை.

அப்புறம் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும், “நீயாச் சொல்லிராதம்மா, மொதல்ல அவன் வரட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். அது தியாகம் இல்லை மலை, உன்னுடையதைப் போலவே சுத்தமான வீம்பு. அவள் வந்து விளக்கம் சொல்லி, அதைக் கேட்டு நீ என்னை நம்ப வேண்டாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே டீயைப் பாதி பாதி குடித்தவன், வெல்டைப் பார்த்ததும் “ஏன்டா இப்பிடிப் பண்ணுன?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நீ கேட்கவே இல்லை. எனக்கு வலித்தது அதுதான். ‘ஒட்டு வேலைக்காரன்’கூட இரண்டாவதுதான். ஆனால் நம் இரண்டு பேர் வீம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டது அந்தப் புள்ள. அதை நினைத்தால் எனக்கும் இங்கே சோறு இறங்கவில்லை.

திதிக்கு வா என்று நூர் அகமது எழுதியிருக்கிறான், நீ சொல்லித்தானாம். நீயே எழுதினால் கை சுளுக்கிவிடுமா? வர ஆசைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் ஆபரேஷன் பண்ணி இரும்பு வைத்தார்கள். அன்றிலிருந்து கால் தூக்கி எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. ஆட்டோவில் பொட்டலம் மாதிரி ஏற்றி இறக்குகிறார்கள். பட்டறை வைத்திருந்தவனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

அந்த டேங்கு நசுங்கல் இன்னும் இருக்கிறதா?

செபஸ்தியான்

---

திண்டுக்கல்
20.8.2024

பொருள்: தவறு ஒப்புக்கொள்ளுதல்; மேற்படி ஸ்டாண்டு பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது; நேரில் வரக் கோருதல்.

செபஸ்தி,

பொருள் போட்டால்தான் எனக்கு எழுத வருகிறது. சிரித்துக்கொள்.

முதலில் தவறு. பஜாரில் வைத்துச் சொன்னதை வீட்டுக்குள் உட்கார்ந்து கடிதத்தில் திரும்ப வாங்கினால் அது கணக்கில் வராது. அதனால் போன திங்கட்கிழமை காலை உன் பட்டறை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே செல்போன் கடை. எதிர் டீக்கடையில் நின்று சத்தமாகவே சொன்னேன்: “இங்க பட்டறை வச்சிருந்த செபஸ்தியான ஒட்டு வேலைக்காரன்னு நான் சொன்னது பொய்யி. அவன் பண்ணுனது முழு வேலை. மலைச்சாமி சொல்றேன்.” பாதிப் பேருக்கு நான் யார் என்றே தெரியவில்லை, வெயிலில் பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். டீக்கடைக்காரர்தான், “யாரு, நம்ம புல்லட் செபஸ்தியானா? அவரை எவன் அப்பிடிச் சொன்னது?” என்று சண்டைக்கு வந்தார். “நான்தான்யா” என்றேன். உன்னை அவர்கள் எல்லாரும் புல்லட் செபஸ்தியான் என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஸ்டாண்டு. நான் ஒட்டவைத்த துண்டை நானே ரம்பத்தால் அறுத்தேன். இரண்டு நாள் ஆனது. வெல்டிங் கடைக்காரன் அஞ்சு நிமிஷத்தில் அறுத்துத் தருவான்தான், எனக்கு மனசு வரவில்லை. உன் வெல்டுத் தழும்பைத் தொடாமல் அறுத்திருக்கிறேன். நீ சொன்னபடி பழைய அளவு டயரையே போட்டுவிட்டேன். வண்டி இப்போது விழாது, பழைய சாய்வுதான்.

ரம்பம் தேடும்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு சிமென்ட் சாக்கு கிடைத்தது. உள்ளே என் வேப்பங்கட்டைகள். எண் 1 முதல் எண் 9 வரைக்கும், ஒன்றுகூடக் குறையவில்லை. அடுப்பில் வைத்திருக்கலாம், தெருவில் வீசியிருக்கலாம். நான் உட்கார்ந்து செதுக்கியது என்று அத்தனையையும் எடுத்து வைத்திருக்கிறாள். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன் செபஸ்தி. சுடுகாட்டில்கூட அப்படி அழவில்லை.

டேங்கு நசுங்கல் அப்படியே இருக்கிறது. நீ சொன்னது சரிதான், வேறு கையில் கொடுக்க மாட்டேன். வந்து எடுத்துக் கொடு.

திதி செப்டம்பர் ஐந்து. முதல் நாளே வந்துவிடு. ஜெரோமை உன்னோடு வரச் சொல். அவன் ஆட்டோவில் பெட்டியோடு வரட்டும். உன்னைக் கூட்டிப்போக நான் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியைக் கொண்டுவருகிறேன். கால் தூக்க முடியாதே என்று யோசிக்காதே. தூக்கவே வேண்டாம். சுந்தரம் கால் வைத்து உட்காரப் பக்கவாட்டில் போட்ட மிதிப்பலகை அப்படியே இருக்கிறது. வண்டி உன் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். நாற்காலியில் உட்காருவது மாதிரி ஒருபக்கமாக உட்கார்ந்துகொள். பஜாரில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவசரமே இல்லை. நீ நல்லா ஏறி உட்கார்ந்து, என் முதுகில் ஒரு தட்டு தட்டு. அதுவரைக்கும் நான் ஸ்டாண்டை எடுக்க மாட்டேன்.

மலை